வேட்டி கட்டிய அப்பாவை எந்த மாலுக்கு அழைத்துப் போகலாம்? (பெங்களூரு)

தாமிரபரணித்தண்ணி | சனி, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். குந்தலஹள்ளியில் இருக்கிறேன். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் திங்கட்கிழமை வருகிறார்கள், இரண்டு வாரம் இருப்பார்கள். லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா எல்லாம் போன தடவையே ஆகிவிட்டது. இந்த முறை அம்மாவுக்குப் பெரிய மால் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். சித்தி மகள் சென்னையில் சித்தியைக் கூட்டிப் போய் எடுத்த போட்டோக்களால் வந்த ஆசை.

சிக்கல்கள் மூன்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, எஸ்கலேட்டர் என்றாலே பயம். இருவருக்கும் தமிழ் தவிர வேறு மொழி வராது. மூன்றாவதுதான் பெரியது. அப்பா வேட்டி தவிர எதுவும் கட்டமாட்டார், அதையும் முழங்காலுக்கு மடித்துக் கட்டுவதுதான் பழக்கம். 2024-இல் இந்த ஊரில் ஒரு மாலில் வேட்டி கட்டிய பெரியவரை நிறுத்திய செய்தியைப் படித்ததிலிருந்து உள்ளுக்குள் ஒரு உதறல். நாற்பது வருடம் மில்லில் நின்று எங்களை வளர்த்த மனிதர். வாசலில் ஒரு சொல் கேட்டுவிடக் கூடாது.

எங்கே போகலாம், எந்த நேரத்தில் போகலாம்?

வொயிட்பீல்டு_கைதி | சனி, காலை 9.58

குந்தலஹள்ளியில் இருந்துகொண்டு யோசனை எதற்கு? மகாதேவபுரா பீனிக்ஸ். மெட்ரோவில் ஏறி சிங்கய்யனபாளையாவில் இறங்கினால் எதிரே அதுதான், பக்கத்திலேயே விஆர் மாலும் இருக்கிறது. 2011-இல் திறந்தபோது கார் இல்லாவிட்டால் போகவே முடியாது, 2023-இல் மெட்ரோ வந்த பிறகு கஷ்டமில்லை. வார நாளில் காலை 11 மணிக்குப் போங்கள். ஞாயிறு மாலை போனால் மாலைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம்.

கரைவேட்டி | சனி, காலை 10.31

அந்தச் செய்தி மாகடி சாலைப் பக்கம், 2024 ஜூலை. ஹாவேரியிலிருந்து வந்த விவசாயி. மகனோடு சினிமா பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தவரைப் பஞ்சே (கன்னடத்தில் வேட்டி) கட்டியிருக்கிறார் என்று நிறுத்திவிட்டார்கள். மறுநாளே போராட்டம். சட்டமன்றம் வரை பேச்சாகி, அரசு அந்த மாலை 7 நாள் மூடவைத்தது. அதனால் இன்றைக்குப் பெங்களூரில் வேட்டியைத் தொட எந்த செக்யூரிட்டிக்கும் கை நடுங்கும். தைரியமாகப் போங்கள்.

நம் ஊரும் யோக்கியமில்லை. 2014-இல் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் கிளப் வாசலில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டிக்காக நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் பொது இடங்களில் உடையைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் அதே வருடம் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஒசூரோடு முடிந்துவிடும். அத்திப்பள்ளி தாண்டினால் வேட்டி உங்கள் பொறுப்பு.

அல்சூர்_பழசு | சனி, பகல் 12.15

எனக்கு இந்த ஊர் மால்களைப் பார்த்தால், எது இருந்த இடத்தில் எது வந்தது என்பதுதான் முதலில் ஞாபகம் வரும். வயசுக் கோளாறு. ரெசிடென்சி ரோட்டில் விக்டோரியா ஓட்டல் என்று மரநிழலோடு ஒன்று இருந்தது. அதை இடித்துத்தான் 2004-இல் பெங்களூர் சென்ட்ரல் வந்தது. டிரினிட்டி பக்கம் லிடோ தியேட்டர், இப்போது மால். பிரிகேட் ரோட்டில் ரெக்ஸ் போய்விட்டது. எம்.ஜி. ரோட்டில் பிளாசா இருந்த இடத்தில் மெட்ரோ ஸ்டேஷன்.

முதல் மால் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய ஏர்போர்ட் ரோட்டு கெம்ப் போர்ட். பின்னால் பெரிய சிவன் சிலை, முன்னால் கோட்டை மாதிரிக் கடை. பக்தியும் பர்ச்சேஸும் ஒரே ஆட்டோ சார்ஜில். 2004-இல் கோரமங்களாவில் ஃபோரம் வந்தபோதுதான் ஊருக்கே புத்தி மாறியது. பதினொரு திரை சினிமா என்றால் யாரும் நம்பவில்லை. இப்போது அதற்கு நெக்ஸஸ் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், "ஃபோரமா?" என்று திருப்பிக் கேட்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் காலத்தில் தியேட்டருக்கு மொழி இருந்தது. தமிழ்ப்படம் என்றால் லாவண்யா, ஸ்ரீராமபுரம் பக்கம் நடராஜ். காவிரிப் பிரச்சினை கிளம்பினால் முதலில் அங்கேதான் போஸ்டர் கிழியும். மாலில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, இங்கிலீஷ் எல்லாம் ஒரே வராண்டாவில் ஓடுகின்றன. இடைவேளையில் ஒரே பாப்கார்ன் வரிசையில் நின்று ஒரே விலையைத் திட்டுகிறார்கள். விலை பற்றி மட்டும் ஆறு மொழியிலும் கருத்து வேறுபாடு இல்லை.

வொயிட்பீல்டு_கைதி | சனி, பகல் 12.40

டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு வந்ததே?

அல்சூர்_பழசு | சனி, பகல் 12.52

2017-இல் ஒருமுறை வந்தது. 2025 செப்டம்பரில் மறுபடி வந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பாப்கார்னுக்கு வரம்பு போட மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சதுரடி | சனி, மாலை 4.05

நான் எட்டு வருடம் ஒரு மால் ஆபீசில் லீசிங்கில், அதாவது கடைகளை வாடகைக்கு விடுகிற பிரிவில் இருந்தேன். எந்த மால் என்று கேட்காதீர்கள். அம்மாவின் முழங்காலுக்காக இதைச் சொல்கிறேன்.

மாலுக்குள் எதுவும் தற்செயலாக இல்லை. ஒரு மாடி எஸ்கலேட்டரில் ஏறினால் அடுத்த மாடிக்கான எஸ்கலேட்டர் பக்கத்திலேயே இருக்கவேண்டும் அல்லவா? பல மால்களில் கொஞ்சம் சுற்றிப் போகவேண்டியிருக்கும். அந்தச் சுற்றில் பத்துக் கடையின் கண்ணாடி உங்கள் கண்ணில் படும். புட் கோர்ட்டும் சினிமாவும் உச்சியில் இருக்கும், ஏனென்றால் அதற்கு எப்படியும் வருவீர்கள், வழியில் மற்ற மாடிகளைத் தாண்டியாக வேண்டும். கழிப்பறை நீண்ட சந்தின் கோடியில் இருக்கும், அந்த இடத்துக்குக் கடை முகப்பு கிடையாது, வாடகை வராது. லிப்டும் பெரும்பாலும் ஓரமாகத்தான். உட்கார இடம் குறைவு. உட்கார்ந்தவர் வாங்கமாட்டார், வாங்க வேண்டுமென்றால் காபிக் கடையில் உட்காரட்டும் என்பது கணக்கு.

கடைக்காரருக்கும் இதே நெருக்கடிதான். மினிமம் கேரண்டி என்று மாதம் ஒரு தொகை, அல்லது விற்பனையில் ஒரு பங்கு, எது அதிகமோ அது வாடகை. ஏசி, விளக்கு, துப்புரவு, செக்யூரிட்டிக்கெல்லாம் 'கேம்' சார்ஜ் தனி. கையில் கிடைக்கும் இடம் ஒன்று, வாடகை போடும் சதுரடி இன்னொன்று, நடுவில் இருப்பதற்கு 'லோடிங்' என்று பெயர். பெரிய சூப்பர்மார்க்கெட், பெரிய துணிக்கடைகளை 'ஆங்கர்' என்போம். அவர்களுக்குச் சதுரடி வாடகை குறைவு, கூட்டத்தைக் கூட்டி வருவது அவர்கள். அந்தக் குறைவைச் சின்னக் கடைகள் சுமக்கும். நீங்கள் பார்க்கிற "விரைவில் வருகிறோம்" பலகைகளில் பாதி, இந்தக் கணக்கு தாங்காமல் போனவர் இடத்தில் நிற்பவை.

இந்த நாலு சுவர் மாலே குளிருக்காகக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் மினசோட்டாவில் 1956-இல் விக்டர் குருவென் என்ற வியன்னாக்காரர் சவுத்டேல் என்று ஒன்றைக் கட்டினார். வெளியே பனி, உள்ளே வருடம் முழுக்க ஒரே வெப்பநிலை. கடைகள் சூழ்ந்த ஊர்ச்சதுக்கம் மாதிரி ஒன்றைத்தான் அவர் நினைத்தார். கடைசிக் காலத்தில் அவரே, இவை என் பிள்ளைகள் இல்லை என்று கைகழுவிவிட்டார். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, சாயங்காலமானால் தானாகக் காற்று வரும் ஊரில் அதே பெட்டியைக் கட்டி ஏசி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு ஒரே யோசனை: உள்ளே போனதும் தகவல் மேசையில் சக்கர நாற்காலி கேளுங்கள். பெரிய மால்களில் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். கேட்பவர்தான் இல்லை.

மாரிக்குப்பம்_லோக்கல் | சனி, இரவு 11.20

இப்போதுதான் ரயிலில் உட்கார்ந்தேன். அக்கா, நான் கேஜிஎப், கோலார் தங்கவயல். ஒரு மாலில் துணிக்கடையில் சேல்ஸ். தினமும் மாரிக்குப்பத்தில் ஏறி கே.ஆர்.புரத்தில் இறங்குகிறவன். எங்கள் ஊர்ச் சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடினார்கள். அப்போது எனக்கு இரண்டு வயது. அப்பா பூமிக்கடியில் இறங்கினார், நான் மூன்றாவது மாடி ஏறுகிறேன், இரண்டு இடத்திலும் வெயில் தெரியாது. எங்கள் பெட்டியில் வருகிறவர்களில் மால் வேலைக்காரர்கள் நிறைய. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பில்லிங், புட் கோர்ட் என்று பிரிந்து போவோம்.

மொழிக் கவலை வேண்டாம். எங்கள் கடையில் எட்டுப் பேர், ஆறு மொழி. கேஜிஎப் ஆட்களுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. வாடிக்கையாளர் எந்த மொழி என்று எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா? உள்ளே வரும்போது எல்லாரும் இங்கிலீஷ்தான். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். "மூணு வாங்கினா ரெண்டாயிரத்தி..." என்று வாய் முணுமுணுக்கும். எவ்வளவு படித்தவரானாலும் கணக்கு தாய்மொழியில்தான் போடுவார். அதைக் கேட்டதும் அந்த மொழியிலேயே "இன்னொரு கலர் காட்டட்டுமா?" என்போம். முகம் மாறும் பாருங்கள்! பாதி பில் அங்கேயே விழுந்துவிடும்.

வேட்டிக்கு வருவோம். வாசலில் நிற்கிற செக்யூரிட்டி மால் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள். "இந்த மாதிரி ஆளைப் பார்த்துக்கொள்" என்று சூப்பர்வைசர் வாயால் சொல்வதுதான் சட்டம், எழுத்தில் ஒன்றும் இருக்காது. அவர் ஊரில் அவர் அப்பாவும் வேட்டியோ தோத்தியோதான் கட்டியிருப்பார். நீங்கள் அப்பாவுக்கு முன்னால் போகாதீர்கள், பக்கத்தில் போங்கள். முன்னால் போனால் அவர் உங்கள் பின்னால் தனியாக வருகிறவர் மாதிரித் தெரிவார்.

நாற்காலி பற்றிச் சதுரடி அண்ணன் சொன்னார். வாங்க வருகிறவருக்கே அப்படி என்றால் எங்களை யோசியுங்கள். காலை 10-லிருந்து இரவு 9 வரை நிற்கிறோம். தமிழ்நாட்டில் 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள், கேரளாவில் அதற்கும் முன்பே 2018-இல் வந்தது. கரைவேட்டி அண்ணே, வேட்டிச் சட்டம் மட்டுமில்லை, நாற்காலிச் சட்டமும் ஒசூரோடு நின்றுவிட்டது. எங்கள் கடையில் டிரையல் ரூமுக்குள் ஒரு ஸ்டூல் இருக்கிறது. ஆள் இல்லாதபோது முறை வைத்து இரண்டிரண்டு நிமிடம் உட்காருவோம். மாலூர் வந்துவிட்டது, சிக்னல் போகும், அப்புறம் எழுதுகிறேன்.

கன்னடத்தமிழச்சி | ஞாயிறு, காலை 8.10

மாரிக்குப்பம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழில் பேசினால் பில் விழும், சரி. கன்னடக்காரர் கன்னடத்தில் கேட்டால் இந்தியில் பதில் வருகிற கடைகள் எத்தனை! நான் ஸ்ரீராமபுரத்தில் பிறந்த தமிழச்சி, எனக்கே எரிச்சலாக இருக்கிறது, அவர்களுக்கு இருக்காதா? 2023 டிசம்பரில் கன்னடம் இல்லை என்று கடைப் பெயர்ப்பலகைகளை உடைத்தது தப்புதான். ஆனால் பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று 2024-இல் சட்டம் வந்ததை நம் ஆட்கள் கேலி செய்வதை ஏற்கமாட்டேன். சென்னை மாலில் தமிழ் எங்கே என்று கேட்பது நாம்தானே?

வொயிட்பீல்டு_கைதி | ஞாயிறு, காலை 8.32

பலகையில் 60 சதவீதம் போட்டால் உள்ளே பேசுகிற மொழி மாறிவிடுமா? பிரெஞ்சுப் பெயரைக் கன்னட எழுத்தில் எழுதி மாட்டுகிறார்கள். கன்னடக்காரருக்கும் புரியாது, பிரெஞ்சுக்காரருக்கும் புரியாது.

கரைவேட்டி | ஞாயிறு, காலை 8.50

முதலில் தமிழர்கள் மேல் கை வைத்தவர்களைப் பற்றிப் பேசுவோம், 1991-இல்

நெறியாளர் | ஞாயிறு, காலை 9.02

மேலே ஒரு பதிவைப் பாதியில் வெட்டியிருக்கிறேன். இந்த இழையின் கேள்வி ஒருவருடைய அம்மாவின் முழங்காலும் அப்பாவின் வேட்டியும். காவிரிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தண்ணீர் நிறைய ஓடுகிறது.

மில்காரர்_பேரன் | ஞாயிறு, காலை 11.45

விக்கிரமசிங்கபுரம், நாற்பது வருடம் மில் என்று பார்த்ததும் நின்றுவிட்டேன். கோட்ஸ் மில்லா? பாபநாசம் அடிவாரத்தில்? என் தாத்தாவும் மில்தான், ஆனால் இங்கே.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது மல்லேஸ்வரம் மந்திரி மால். கடைகளுக்காக இல்லை. அது நிற்பது ராஜா மில் இருந்த இடம். மில் மூடி, நிலம் கைமாறி, 2010-இல் மால் திறந்தது. திறந்தபோது நாட்டிலேயே பெரிய மால்களில் ஒன்று என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஸ்ரீராமபுரத்தில் இத்தனை தமிழ்க் குடும்பம் எப்படி வந்தது என்று கேட்டால், கதை மில் வாசலில்தான் போய் நிற்கும். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள் மில் சங்கு கேட்கிற தூரத்தில் குடிசை போட்டார்கள். சங்கு நின்று, மில் நின்று, வீடுகள் மட்டும் நிற்கின்றன.

இந்த ஊர் மால் வரைபடமே ஒருவகையில் பழைய தொழிற்சாலை வரைபடம். பின்னிபேட்டையில் பின்னி மில், 1884-இல் தொடங்கியது, தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த இடம். சென்னைப் பெரம்பூர் பி அண்ட் சி மில்லும் அதே பின்னி கம்பெனிதான். அந்தப் பக்கம் இன்று ஈடிஏ மால். கோபாலபுராவில் லூலூ மால் இருப்பது மினர்வா மில் வளாகத்தில். சட்டம் படித்தவர்கள் மினர்வா மில்ஸ் வழக்கை மறக்கமாட்டார்கள். நலிந்த மில்களை நாட்டுடைமை ஆக்கியதில் கிளம்பி, அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் நினைத்தபடி மாற்ற முடியாது என்று 1980-இல் தீர்ப்பாக முடிந்த வழக்கு. அந்த மில் இருந்த இடத்தில் இப்போது மீன் கவுண்டர் பிரமாதம், போய்ப் பாருங்கள். ராஜாஜிநகர் ஓரியன் மால் கிர்லோஸ்கர் தொழிற்சாலை நிலம். யூபி சிட்டி பழைய பீர் ஆலை.

என் தாத்தா வேலை பார்த்த ராஜா மில்லுக்குள் பாட்டி ஒருநாளும் போனதில்லை, கேட் வரைக்கும் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவார். மால் ஆன பிறகுதான் உள்ளே போனார். "இம்புட்டுப் பெரிய எடமா" என்று மட்டும் சொன்னார்.

உங்களுக்கு வழி: பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக், அங்கே கிரீன் லைனுக்கு மாறினால் வடக்கே அடுத்த ஸ்டேஷன். ஸ்டேஷன் பெயரிலேயே மால் இருக்கிறது. மெஜஸ்டிக்கில் மட்டும் அம்மாவை லிப்டில் கூட்டிப் போங்கள், அந்த மாறும் நடை முழங்காலுக்கு ஆகாது. வெளியே வந்தால் சம்பிகே ரோடு. சம்பிகே என்றால் செண்பகம். இணையாக ஓடுவது மார்கோசா ரோடு, அதாவது வேம்பு. அங்கே சிடிஆர் ஓட்டலில் பெண்ணெ (வெண்ணெய்) மசால் தோசை. இரண்டு பேருக்கு ஒன்று போதும் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டார், ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

தாமிரபரணித்தண்ணி | ஞாயிறு, மாலை 6.30

கோட்ஸ் மில்தான். ஸ்பின்னிங்கில் சைடர், நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்பவர். இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது ஒத்திகை பார்த்துவிட்டு, அப்புறம் மல்லேஸ்வரம். போய்வந்து எழுதுகிறேன்.

வொயிட்பீல்டு_கைதி | ஞாயிறு, மாலை 6.41

எதைச் செய்தாலும் ஹெப்பாள் பக்கம் போகாதீர்கள். அங்கே ஒரு பெரிய மால் திறந்த சில மாதத்தில், 2023 வருடக் கடைசியில், டிராபிக் தாங்காமல் போலீஸ் 144 போட்டு மூடச் சொல்லி, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. மாலே ஊரடங்கு வாங்கியது நம் ஊரில்தான்.

தாமிரபரணித்தண்ணி | வெள்ளி, இரவு 9.15

போய்வந்தோம். இரண்டு இடம். முதல் இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை அங்கே போனோம். மாரிக்குப்பம் தம்பி சொன்னபடி அப்பாவின் பக்கத்திலேயே நடந்தேன். நிறுத்தவில்லை. பை சோதனை முடிந்ததும் செக்யூரிட்டி அப்பாவின் காலைக் காட்டி, கையால் மேலிருந்து கீழே ஒரு ஜாடை. மடித்துக் கட்டியதை இறக்கிவிடச் சொல்கிறார். மரியாதையாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. அப்பா ஒரு வினாடி என்னைப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. உள்ளே ஒன்றரை மணி நேரம் சுற்றினோம், அப்பா எதையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மில்லுல மேனேஜர் வந்தாத்தாம்ட்டி வேட்டிய எறக்குவோம். இங்கன காசு குடுக்கப் போற எடத்துல எறக்கச் சொல்லுதான்."

மல்லேஸ்வரம் வேண்டாம் என்றே நினைத்தேன். நேற்று காலையில் பேச்சுவாக்கில், அது மில் இருந்த இடமாம் என்றேன். "எந்த மில்லு?" என்று நிமிர்ந்தார். அதற்கு மேல் கிளப்ப வேண்டியிருக்கவில்லை.

சம்பிகே ரோடு ஸ்டேஷனில் இறங்கினோம். மாலுக்குள் நுழையும்போது வேட்டி கீழே இறங்கித்தான் இருந்தது, செவ்வாய்க்கிழமைப் பாடம். வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து நடுக்கூடத்தில் நின்று கூரையைப் பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து வேட்டியை எடுத்து மடித்துக் கட்டிக்கொண்டார். "என்னப்பா?" என்றேன். "மில்லு மூடியாச்சுல்லா. இனிம யாருக்கு எறக்கணும்?" என்றார்.

அதற்குப் பிறகு அவர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கூடத்தின் நீளத்தைக் காலால் அளந்தார். இத்தனை அடிக்கு எத்தனை பிரேம் போடலாம் என்று கணக்கு. ஒரு துணிக்கடையில் சட்டை ஒன்றின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பதாம் நம்பரு நூலு. நல்ல நூலுதான்" என்றார். விலைச்சீட்டைத் திருப்பினார். 2,999. சட்டையை இருந்த மாதிரியே மடித்து வைத்துவிட்டு, கடைப் பையனிடம் "நூலுக்கு இல்லய்யா, லைட்டுக்குத்தான் துட்டு" என்றார். பையனுக்குத் தமிழ் தெரியும் போல, சிரித்துவிட்டான்.

சதுரடி அவர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. அரை மணி கழித்து அப்பா கேட்டார்: "எம்மா, ஒரு சன்னலு கூட இல்லயே, கவனிச்சியா? மில்லுலயும் இப்படித்தான். நூலு காஞ்சு அறுந்திரக் கூடாதுன்னு அடைச்சு வச்சு, ஈரக்காத்து விடுவாவ. பகலா ராத்திரியான்னு தெரியாது. இங்க எது அறுந்திரக் கூடாதுன்னு அடைச்சு வச்சிருக்காவ?"

அம்மா பற்றி எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வார். சக்கர நாற்காலியைப் பற்றிச் சொன்னேன், "நான் என்ன ஆசுபத்திரிக்கா வந்திருக்கேன்?" என்றார். லிப்டில்தான் போனோம். கண்ணாடி லிப்டு. நாலு தடவை ஏறி இறங்கினார், அதில் இரண்டு தடவை வேலை ஒன்றும் இல்லை. சித்தி மகளுக்கு அனுப்ப முப்பத்தேழு போட்டோ. தோசை ஆளுக்கொன்று, மிச்சம் வைக்கவில்லை.

சதுரடி | வெள்ளி, இரவு 9.50

எட்டு வருடம் ஆபீசில் உட்கார்ந்து பிரசன்டேஷன் போட்டோம், இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. வாங்குகிற யோசனைதான் அறுந்துவிடக் கூடாது என்று ஐயாவிடம் சொல்லுங்கள். ஜன்னல் இருந்தால் இருட்டியது தெரியும், தெரிந்தால் பஸ் ஞாபகம் வரும்.

மாரிக்குப்பம்_லோக்கல் | வெள்ளி, இரவு 11.35

அக்கா, செவ்வாய்க்கிழமை நீங்கள் ஒன்றும் சொல்லாததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த செக்யூரிட்டி ஜாடை காட்டியதும் எவனோ சொல்லிக்கொடுத்ததுதான். நாற்பதாம் நம்பர் விஷயத்தை நாளைக்கே எங்கள் கடையில் உருட்டிப் பார்க்கப் போகிறேன். எங்களுக்குக் கொடுத்த டிரெய்னிங்கில் துணியை எப்படி மடிப்பது என்றுதான் இருந்தது, எப்படித் தொடுவது என்று இல்லை.

தாமிரபரணித்தண்ணி | சனி, காலை 7.20

அப்பா இப்போது பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். மில்காரர் பேரனுக்கு ஒரு கேள்வியாம். ராஜா மில்லில் எத்தனை ஸ்பிண்டில் ஓடியது, சங்கு ஷிப்டுக்கு எத்தனை தடவை ஊதும்?

மில்காரர்_பேரன் | சனி, காலை 8.05

எனக்கு எங்கே தெரியும்! தாத்தாவிடம் கேட்காமல் விட்டது எவ்வளவோ. ஆனால் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், தமிழ் திருப்பத்தூர்த் தமிழ். நாளைக்குக் காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாலுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். ஸ்டேஷன் கேட் பக்கம் நான் நிற்கிறேன்.

தாமிரபரணித்தண்ணி | சனி, காலை 8.12

10 மணிக்கு வருகிறோம். அப்பா வேட்டியை இஸ்திரிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.